நடு அறைக்கு முயல் படம்

"உனக்கு முயல் பிடிக்குமா?"

ஷங்கர் இப்படிக் கேட்டபோது சங்கீதாவின் வாயில் இட்லி இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் அண்ணன் அவளைப் பார்த்து, உனக்குப் பிடிக்குமா என்று கேட்டது அதுதான் முதல் தடவை. சாப்பிட்டாயா, கதவைப் பூட்டினாயா, மெஷினில் துணி போட்டாயா என்பதெல்லாம் கேள்வியில் சேராது. அவள் மென்று விழுங்கிப் பதில் சொல்வதற்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. அதற்குள் அவனே பதிலையும் சொல்லிவிட்டான்.

"பிடிக்கும்தானே. யாருக்குப் பிடிக்காது. சரி லா, அப்ப முயலே போட்டுரலாம்."

எங்கே போடுவது என்று அவள் கேட்கவில்லை. அண்ணி ரக்ஷனா கைபேசியை மேசைமேல் தள்ளினாள். திரையில் வெளிர் மஞ்சள் வானம், அதில் மேகங்கள், மேகத்துக்கு ஒன்றாக முயல்கள். ஒவ்வொரு முயலும் ஒரு பலூனைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"வால்பேப்பர். உன் ரூமுக்குத்தான் சங்கீதா. உன் ரூம் மட்டும்தான் இன்னும் வெறும் வெள்ளையா இருக்கு, பாவம்."

பாவம் என்ற சொல்லை ரக்ஷனா தாராளமாகக் கொடுப்பாள். கோயம்புத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்த இந்த ஐந்து வருஷத்தில் சங்கீதாவுக்கு அவள் அதைத் தவிர வேறு எதையும் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

புக்கிட் பாத்தோக் வட்டாரத்தில் அந்த அடுக்குமாடி வீடு அப்பா அம்மா வாங்கியது. அவர்கள் இருவரும் போன பிறகு ஷங்கரின் பெயருக்கு மாறியது. பெயர் மாறிய கையோடு ரக்ஷனாவுக்குச் சுவர்கள் மேல் ஒரு வெறுப்பு வந்தது. சுவர் சுவராக இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. முதலில் ஹாலைப் பிடித்தாள். செங்கல் வைத்துக் கட்டி, சிமெண்ட் பூசி, வெள்ளையடித்திருந்த சுவரின் மேல் செங்கல் படம் போட்ட காகிதத்தை ஒட்டினார்கள். வந்தவர்களெல்லாம் அதைத் தடவிப் பார்த்து, "நெசச் செங்கல் மாதிரியே இருக்கு லா" என்றார்கள். நிஜச் செங்கல் அதற்கு ஒரு விரற்கடை பின்னால் இருந்தது. அதை யாரும் பாராட்டவில்லை.

அப்புறம் புருஷன் பெண்டாட்டி படுக்கிற அறைக்குப் பளிங்கு. சாமி மேடைக்குப் பின்னால் தங்கக் கொடி. விளக்குப் புகை பட்டு மூன்றே மாதத்தில் அது பித்தளையாகிவிட்டது. கடைசி அறையில் ரக்ஷனா வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பாள். அங்கே அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு புத்தக அலமாரி. அதுவும் காகிதம்தான். தோல் அட்டை போட்ட புத்தகங்கள் கூரை வரைக்கும் போகும், ஒன்றுக்கும் பெயர் கிடையாது. வீடியோவில் அவளைப் பார்க்கிறவர்கள் பெரிய படிப்பாளி என்று நினைத்துக்கொள்ள வேண்டும். சங்கீதா ஒருநாள் தரையைத் துடைத்துக்கொண்டே எண்ணிப் பார்த்தாள். மொத்தம் பதினெட்டுப் புத்தகம்தான். அதே பதினெட்டுதான் திரும்பத் திரும்ப வந்தது. இரண்டு வருஷமாக அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது தெரியுமா என்பது சந்தேகம்.

சங்கீதா உயர்நிலைப் பள்ளியின் நான்காம் வருஷத்தில், பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது, பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியவள். அம்மா இறந்த வருஷம் அது. வகுப்பில் எழுந்து நின்று பேசிக் காட்ட வேண்டிய பரீட்சை ஒன்று இருந்தது. அதற்கு நிற்பதைவிடப் படிப்பை விட்டு நின்றுவிடுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. இப்போது தேக்காக் கடைத்தெருவில், ரவிக்கைக்கு லைனிங் துணி விற்கிற ஒரு சின்னக் கடையில் வேலை. பெண்கள் சேலையைக் கொண்டுவந்து பலகைமேல் விரிப்பார்கள். அவள் ஒரு தடவை பார்ப்பாள், ஏணியில் ஏறுவாள், அதே நிறத்தை உருவிக்கொண்டு இறங்குவாள். அங்கே பேச்சுக்கு வேலை இல்லை.

வீட்டில் நடு அறை அவளுடையது. கட்டில், இரும்பு அலமாரி, ஒரு ஜன்னல். கல்யாணமாகாதவர்கள் முப்பத்தைந்து வயதுக்கு முன்னால் இந்த ஊரில் அரசாங்க வீடு வாங்க முடியாது. அவளுக்கு இன்னும் பதினாறு வருஷம் இருந்தது. அதுவரைக்கும் சாத்திக்கொள்ள அவளுக்கென்று இருப்பது அந்த ஒரு கதவுதான்.

முயல் யாருக்கு என்பது அவளுக்கு அன்றைக்கே தெரியும். பேசாதவளுக்குக் கண்ணும் தெரியாது என்று அந்த வீட்டில் ஒரு நம்பிக்கை. குளிர்பெட்டியில் முட்டைத் தட்டுக்குப் பின்னால் மாத்திரைப் புட்டி ஒளிந்திருந்தது. காலையில் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு அண்ணி வாந்தி எடுத்தாள். திடீரென்று கோயம்புத்தூரிலிருந்து அண்ணியின் அம்மா கமலா, பெட்டி நிறைய எலுமிச்சை ஊறுகாயோடு வந்து இறங்கினாள்.

போன வருஷமும் ஒன்று உண்டாகியிருந்தது. இரண்டு மாதம் முடிந்ததுமே எல்லாருக்கும் சொல்லி, ஷங்கர் ஆபீசில் கேக் வெட்டி, அடுத்த வாரமே அது இல்லாமல் போயிற்று. அதனால் இந்தத் தடவை கமலா வந்ததும் வராததுமாகச் சட்டம் போட்டுவிட்டாள். பிள்ளை பிறந்து அழுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பிறக்காத பிள்ளைக்கு ஒரு சட்டைகூட வாங்கக் கூடாது, அறை ஒதுக்கக் கூடாது. கண் பட்டுவிடும்.

ஆனால் சுவரில் காகிதம் ஒட்டுகிற ஆசை அத்தனை மாதம் காத்திருக்குமா? பிறந்த பிறகு ஒட்டினால் பசை வாடை பிள்ளைக்கு ஆகாது. இப்போதே ஒட்டினால் கண் படும். கமலாதான் வழி கண்டுபிடித்தாள். பிள்ளைக்கு என்று சொன்னால்தானே கண் படும். சங்கீதாவுக்கு என்று சொல்லிவிட்டால்? அவள் மேல் யார் கண் வைக்கப் போகிறார்கள்? கமலா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஷங்கர் துறைமுகக் கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறவன். ரக்ஷனா வங்கியில் ஆளெடுக்கிறவள். முயலை வீட்டிலிருக்கிற பெண்ணின் பெயரில் எழுதிவிட்டால் தெய்வம் ஏமாந்துபோகும் என்று மூன்று பட்டதாரிகள் கூடி முடிவெடுத்தார்கள்.

அதோடு விட்டார்களா? பொய்க்குப் பலம் வேண்டும் என்று கமலா அதை மாடி முழுக்கப் பரப்பினாள். எதிர்வீட்டு சுசீலாவிடம் லிஃப்ட் வாசலில் நின்று சொன்னது சங்கீதாவின் காதிலேயே விழுந்தது.

"முயல் படம்தான் வேணும்னு ஒரே அடமுங்க. வயசுதான் ஆச்சு, மனசு இன்னும் கொழந்தைங்க. நாம என்ன பண்றது, வாங்கிக் குடுத்துத்தானே ஆகோணும்."

மறுநாள் காலையில் சுசீலா லிஃப்டில் சங்கீதாவைப் பார்த்து, காது கேட்காதவரிடம் பேசுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "ரூமுக்கு... முயல் குட்டி... வருதாமே?" பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக் கையில் திணித்தாள். சங்கீதா அதை வாங்கிக்கொண்டாள். பத்து வருஷமாக எதிர்வீட்டில் இருக்கிறவள், ஒரு முயல் கதையைக் கேட்டதும் பத்தே நிமிஷத்தில் நம்பிவிட்டாளே என்று இருந்தது.

அன்று சாயங்காலம் ஷங்கர் ஹாலில், சோபாவுக்குப் பின்னால், காகிதச் செங்கலை ஒட்டினாற்போல் அளவு டேப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மடக்குக் கட்டில் விளம்பரம் ஒன்று கிடந்தது. அவளைப் பார்த்ததும் டேப்பை விட்டான். அது சர்ரென்று சுருண்டு உள்ளே போனது.

"சும்மா பாத்தேன்," என்றான்.

தன்னை எங்கே போடப் போகிறார்கள் என்பதும் அத்துடன் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் வால்பேப்பர் ஒட்டுகிற ஒலி முகம்மது வந்தார். கேலாங்கில் கடை. அறுபது வயதிருக்கும், மெலிந்த ஆள். தலையணை கனத்துக்கு மூன்று மாதிரிப் புத்தகங்களை இடுக்கிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னாலேயே சுசீலாவும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள். நடு அறைக்குள் எல்லாரும் நெருக்கிக்கொண்டு நிற்க, அவர் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"ஜன்னல் பக்கம் ஈரம் இருக்கு. சீலர் அடிச்சிட்டுத்தான் ஒட்டணும், இல்லன்னா பூஞ்ச புடிச்சிரும். முயல்தானே, ஃபோன்ல படம் அனுப்பிச்சீங்க. சரக்கு இருக்கு. தொட்டில் எந்தப் பக்கம் வைக்கப் போறீங்க?"

முதலில் கமலாவுக்குத்தான் குரல் திரும்பி வந்தது.

"என்ன தொட்டிலு? யாருக்குத் தொட்டிலு? அச்சானியமாப் பேசாதீங்க பாய்."

"தொட்டில்ல என்னங்க அச்சானியம்?" ஒலி முகம்மதுவுக்குப் புரியவில்லை. "இருபத்தெட்டு வருசமா இந்த வேல பாக்குறேன். முயல், கரடி, யானக்குட்டி எல்லாம் ஒரே காரணத்துக்குத்தான் எடுக்குறாங்க. தொட்டில் பக்கம் மட்டும் தொடைக்கிற பேப்பரா போடணும். பிள்ளைங்க நக்கும், பிச்சு எடுக்கும். அதான் கேட்டேன்."

"அதெல்லாம் எங்கூட்ல ஒண்ணுமில்லீங்க. இது இந்தப் பொண்ணோட ரூமு. அவதான் முயல் வேணும்னா."

ஒலி முகம்மது சங்கீதாவைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார்.

"இந்தப் பொண்ணா?"

"ஆமா பாய், அதுக்கு அதுதான் ஆசையாம்," என்று வாசலிலிருந்து சுசீலா சாட்சி சொன்னாள்.

"ரூம் அதோடதுதானே?"

"ஆமாமா, சங்கீதா ரூம்தான்," என்றான் ஷங்கர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப அது வாயால சொல்லட்டும்." அவர் மாதிரிப் புத்தகங்களைக் கட்டில்மேல் இறக்கினார். "கோவிச்சுக்காதீங்க. போன மாசம் பாசிர் ரிஸ்ல ஒரு வீடு. மாமியா சொன்னாங்கன்னு ரூம் முழுக்க ரோசாப்பூ ஒட்டிட்டேன். மருமக வேலயிலேருந்து வந்து பாத்துட்டு அன்னிக்கே கிழிச்சுப் போட்டுருச்சு. பழி என் மேல. அதுலேருந்து ரூம்ல படுக்கிறவங்க சொன்னாத்தான் நான் கத்திய எடுக்கிறது. சொல்லும்மா, முயலா?"

ஐந்து பேர் அவளைப் பார்த்தார்கள். சங்கீதாவுக்குக் காது மடல் சுட்டது. பேச வேண்டும் என்று ஆனாலே இப்படித்தான். தலையை ஆட்டிவிட்டால் போதும், எல்லாரும் கலைந்து போய்விடுவார்கள். கமலா அந்தத் தலையாட்டலை இப்போதே வாங்கிவிட்டவள் மாதிரிப் புன்னகை செய்துகொண்டிருந்தாள். அந்தப் புன்னகையைப் பார்த்திராவிட்டால் சங்கீதா ஒருவேளை ஆட்டியிருப்பாள்.

"எனக்கு முயல் வேணாம்," என்றாள்.

சொன்ன பிறகு மேலே பேசுவதைவிடக் கையால் ஏதாவது செய்வது நல்லது என்று தோன்ற, முழங்காலிட்டு ஒரு புத்தகத்தை இழுத்துத் திறந்தாள். பக்கங்கள் திரும்பத் திரும்ப வீடுகளின் அசட்டு ஆசைகளெல்லாம் வரிசையாக வந்தன. பிர்ச் மரக்காடு வந்தது, வெளிநாட்டுக் கோபுரம் வந்தது, அருவி வந்தது, அப்புறம் இன்னும் நாலு விதமான செங்கல். அவள் நிற்காமல் தள்ளிக்கொண்டே போனாள். கடையில் துணியைத் தேடும்போது ஓடுகிற மாதிரி விரல் ஓடியது. ஒரு பக்கத்தில் கையை வைத்தாள்.

கடையில் அந்த நிறத்துக்கு ராமர் பச்சை என்று பெயர். கறுப்போ என்று நினைக்கிற அளவுக்கு அடர்ந்த பச்சை. பூ இல்லை, கோடு இல்லை. சணல் நெய்த மாதிரி ஒரு சொரசொரப்பு மட்டும்.

"இது. நாலு சுவத்துக்கும்."

"ஐயையோ, இது ஒரே இருட்டாயிருக்குமே," என்று கமலா முன்னால் வந்தாள். "சின்ன ரூமு, இதுல போயி இத்தனை இருட்டை வெச்சா, பச்சக் கொழந்—"

சொல் பாதியில் நின்றது. சுசீலாவின் புருவம் மெல்ல உயர்ந்தது.

"பச்சக் கொழந்தை மாதிரி மனசுங்க இவளுக்கு," என்று கமலா தட்டுத்தடுமாறிக் கரை சேர்ந்தாள். "இருட்டுன்னா பயந்துக்குவா. அதுக்குச் சொன்னேன்."

"பயந்துக்க மாட்டேன் அத்தை."

"பரவால்லையே, தெளிவாத்தான் பேசுது," என்றாள் சுசீலா.

ஷங்கர் மாமியாரைப் பார்த்தான். மாமியார் மகளைப் பார்த்தாள். மூன்று பேரிடமும் ஒரே ஒரு உண்மை இருந்தது. அதைச் சொன்னால் முயல் திரும்பி வந்துவிடும், ஆனால் எதிர்வீட்டுக்காரியின் காதில் விழும். விழுந்தால் கண் படும். ரக்ஷனா சுவரில் கையை ஊன்றியிருந்தாள். உதட்டில் நிறமே இல்லை.

"அவ கேட்டதையே போடுங்க பாய்," என்றாள்.

அவர் போன பிறகு சமையலறையில் ஷங்கர் தங்கையைப் பிடித்தான்.

"என்ன சங்கீ, இப்படிப் பண்ணிட்ட?"

"என்ன பண்ணேன்?"

"முயல்னுதானே பேசினோம்."

"நீங்கதான் பேசினீங்க. ரூம் என்னோடதுன்னும் நீதான்ணே சொன்ன."

"உன்னோடதுதான். யாரு இல்லன்னா. ஆனா..."

"ஆனா என்னண்ணே?"

அவள் நிஜமாகவே கேட்டாள். அவன் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. கட்டிலைத் தானே மடக்கி ஹாலுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கவும் கூடும். எத்தனையோ ஆயிரம் கன்டெய்னர்களை எந்தக் கடலுக்கு அனுப்ப வேண்டுமோ அந்தக் கடலுக்குச் சரியாக அனுப்புகிறவன், இரண்டடி தள்ளி நிற்கிற தங்கையிடம் ஒரு வாக்கியத்தைக் கொண்டுவந்து சேர்க்க முடியாமல் குளிர்பெட்டியைத் திறந்தான், உள்ளே பார்த்தான், மூடினான்.

"ஒண்ணுமில்ல. ரொம்ப டார்க்கா இருக்கும். அதான் சொன்னேன்."

அந்தக் கணத்தில் அண்ணன் என்கிற சொல்லே அவளுக்குக் கைக்குப் பொருந்தாத சட்டை மாதிரி ஆகிவிட்டது.

அன்று மாலை சாத்திய கதவுக்குப் பின்னால் கமலாவும் மகளும் பேசியது சங்கீதாவின் அறை வரைக்கும் கேட்டது.

"ஃபோனைப் போட்டு வேண்டாமுன்னு சொல்லு. அவ்வளவுதானே."

"ஏன்னு அந்த சுசீலா ஆன்ட்டி கேப்பாங்க. என்ன சொல்வீங்க? மூச்சு விடக் கூடாதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க."

"அப்ப விடு. அப்பறமா உரிச்சிட்டு வேற ஒட்டிக்கலாம், பொறந்—"

"அம்மா."

"நாஞ் சொல்லல சாமி. நான் ஒண்ணுமே சொல்லல."

செவ்வாய்க்கிழமை சங்கீதாவுக்கு விடுமுறை. ஒலி முகம்மது ஒன்பது மணிக்கு வந்து கட்டிலை நடுவில் இழுத்துப் போட்டார். ஜன்னல் சுவருக்கு சீலர் அடித்தார். காய்கிற வரைக்கும் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போடாத குறையாகக் கதை பேசினார். பிறகு கூரையிலிருந்து ஈயக்குண்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டுக் கோடு போட்டார்.

"இந்த பிளாக்ல ஒரு சுவரும் நேரா இல்ல. முயல்னா மறைச்சிரும், யாருக்கும் தெரியாது. நீ எடுத்தது ப்ளைனு. சுவர் கோணல்னா காட்டிக் குடுத்துரும்."

"காட்டட்டும்," என்றாள் சங்கீதா.

அவர் சிரித்தார். பசை தடவிய தாளை மடித்து, ஏணியில் ஏறி, மேலிருந்து கீழே விரித்து, பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளினார். இணைப்பு வந்த இடத்தில் சின்ன உருளையை ஓட்டினார், கோடு மறைந்துபோனது. ஒவ்வொரு தாளாக வெள்ளை குறைந்துகொண்டே வந்தது. ஹாலில் கமலா காகிதச் செங்கலுக்கு எதிரே உட்கார்ந்து, அடிக்கடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரக்ஷனா கடைசி அறையில் அந்தப் பதினெட்டுப் புத்தகத்துக்கு முன்னால் யாரிடமோ ஆங்கிலத்தில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு அவர் கருவிகளைக் கட்டினார். "இன்னிக்கு ஃபேன் போடாத, ஏர்கான் போடாத. மெதுவாக் காயணும். அவசரப்பட்டா ஓரம் தூக்கிக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சங்கீதா கட்டிலின் நடுவில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக வந்த வெயில் பச்சையில் பட்டு, பாதியிலேயே அமிழ்ந்துவிட்டது. தான் எடுத்த நிறம் தப்பவில்லை. இது எத்தனை நாளைக்கு என்பதும் அவளுக்குத் தெரியும். அழுகைச் சத்தம் கேட்டதும் எல்லாரும் வாயைத் திறப்பார்கள். அன்றைக்குக் கமலாவே முன்னால் நின்று இந்தத் தாளை உரிப்பாள். அது வரைக்கும் இந்த அறை யாருடையது என்று கேட்டால் அந்த வீட்டில் எல்லாரும் சங்கீதாவுடையது என்று சொல்லியாக வேண்டும். வேறு பதில் சொல்ல அவர்களுக்குத் தைரியம் கிடையாது.

கதவு திறந்தது. ரக்ஷனா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள். சங்கீதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை பதில்களைத் தயாராக வைத்திருந்தாள். நல்லாயில்லை என்றால் இன்னது, ஏன் இப்படிச் செய்தாய் என்றால் இன்னது, பாவம் என்றால் அதற்கும் ஒன்று.

ரக்ஷனா அவளைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கத்து மூலைக்குப் போனாள். ஈரம் காயாத தாளின் மேல், இடுப்பு உயரத்தில், கட்டைவிரலை வைத்துச் சாண் விரித்தாள். ஒன்று. சுண்டுவிரல் இருந்த இடத்துக்குக் கட்டைவிரல் வந்தது. இரண்டு. வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு, மெதுவாக நகர்ந்தாள். ஆறாவது சாணில் நின்று, கையை எடுக்காமல், அங்கிருந்து மூலை வரைக்கும் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். நாள் முழுக்கத் துணி அளக்கிறவளுக்கு, ஆறு சாண் ஒரு தொட்டிலின் நீளம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

"அண்ணி," என்றாள் சங்கீதா. எதற்குக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அடுக்கி வைத்திருந்த பதில்களில் ஒன்றும் அந்தக் கைக்குப் பொருந்தவில்லை.

ரக்ஷனா திரும்பினாள். துப்பட்டாவை மூக்கிலிருந்து இறக்கினாள். உதடு பிரிந்தது. ஹாலில் கமலா தொண்டையைக் கனைத்தாள்.

ரக்ஷனா உதட்டை மூடினாள். விரலில் ஒட்டிய பசையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.